நாணலுக்குள் ஊசிக்குருவி

அந்த வீட்டில் பறவை பார்ப்பதற்கு ஒரு சட்டம் உண்டு. ஒருவர் மட்டும் பார்த்தால் அது பறவையே இல்லை. மூன்று பேர் பார்த்தாலும் இல்லை. நாலு பேரும் கண்ணால் பார்த்தோ காதால் கேட்டோ, நாலு பேரும் தங்கள் வாயால் "ஆச்சு" என்று சொன்னால்தான் அது நோட்டில் ஏறும். சட்டம் போட்டவள் மகள். அப்போது அவளுக்கு ஏழு வயது. தன்னை விட்டுவிட்டுப் பெரியவர்கள் மூவரும் ஓர் ஆந்தையைப் பார்த்துவிட்டார்கள் என்று ஒரு பகல் முழுக்க அழுது தீர்த்தாள். அழுத கையோடு சட்டத்தைப் போட்டாள். இப்போது பதினாலு வயதாகிறது. சட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

அந்தச் சட்டத்தை ஒரு வருஷமாக யாருக்கும் தெரியாமல் மீறிக்கொண்டிருந்தவர் அவளுடைய அப்பாதான். பதினோரு பறவைகள். பதினோரு தடவை, கொஞ்சமும் வாய் கூசாமல், "ஆச்சு" என்று சொல்லியிருந்தார். அவற்றில் ஒன்றுகூட அவர் காதில் விழவில்லை.

அவர் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் மெஷின் மெக்கானிக். நீளமான கூடம், இரண்டு வரிசையாக நாற்பது மெஷின்கள், தலைக்கு மேலே குழல் விளக்குகள், காலுக்கடியில் துணி நறுக்குகள். அங்கே தைக்கிற பெண்கள் யாரும் அவரிடம் "அண்ணே, மெஷினைக் கொஞ்சம் பாருங்க" என்று சொன்னதில்லை. "அண்ணே, கொஞ்சம் கேளுங்க" என்றுதான் சொல்வார்கள். அவரும் ஸ்க்ரூடிரைவரை எடுக்கமாட்டார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து இரண்டு நொடி நிற்பார். "பாபின் கூட்டுல தூசி" என்பார், அல்லது "ஊசி நுனி மழுங்கிடுச்சு" என்பார். திறந்து பார்த்தால் அப்படியே இருக்கும். வீட்டிலும் அந்தக் காதுக்குப் பெரிய மரியாதை. மூன்றாம் வகுப்பில் குடும்பத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னபோது, மகள் அந்த ஒரு பக்கத்தையும் அப்பாவின் காதைப் பற்றியே எழுதிவிட்டாள். அம்மாவுக்குக் கடைசியில் ஒரு வரிதான் கிடைத்தது. அந்த வருத்தம் அம்மாவுக்கு இன்றுவரை தீர்ந்தபாடில்லை.

அப்படிப்பட்ட காதுதான் போய்விட்டது. முழுக்கப் போகவில்லை, மேல் ஸ்தாயி மட்டும். பேச்சு கேட்கும், வண்டிச் சத்தம் கேட்கும், மழை கேட்கும். மெல்லியதாக, கூர்மையாக எது வந்தாலும் அது அவர் வரைக்கும் வந்து சேராது. முதலில் தெரிந்தது மகளுக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்கு. தெர்மாமீட்டரை அவள் வாயில் வைத்துவிட்டு, அது கீச்சிடும் என்று அவர் காத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அது கீச்சிட்டு ஓய்ந்து ரொம்ப நேரமாகியிருந்தது. மகள் தானே அதைப் பிடுங்கி, "என்னப்பா தூங்கிட்டியா?" என்று கேட்டாள். "நல்லா ஏறட்டும்னு விட்டேம்மா" என்று சமாளித்தார். மறுவாரம் யாருக்கும் சொல்லாமல் காது டாக்டரிடம் போனார். இத்தனை வருஷம் கூடத்துச் சத்தத்திலேயே இருந்ததன் விளைவு, போனது போனதுதான் என்றார் டாக்டர். அவர் கொடுத்த காகிதம் இன்றும் டூல் பெட்டியில் பாபின்களுக்கு அடியில் நாலாக மடிந்து கிடக்கிறது.

வேலையில் தப்பித்துக்கொண்டார். தலையைச் சாய்ப்பதுபோல் சாய்த்து, கையைச் சும்மா மெஷின் பலகைமேல் வைப்பார். மூன்று மாதத்தில் விரல்களே எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்துவிட்டன. ஆனால் பறவைமேல் எங்கே போய்க் கை வைப்பது? அதனால்தான் பதினோரு பொய். காது போனதுகூட அவருக்கு அவ்வளவு பெரிய துக்கமாக இல்லை. அது தெரியவரும்போது மகள் முகம் எப்படி மாறும் என்பதுதான் பயம்.

இன்றைக்கு வந்திருப்பதோ ஊசிக்குருவிக்காக. புத்தகத்தில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருக்கிறது. குரல் ஊசிபோல் இருப்பதால் மகள் வைத்த பெயர் இது. மூன்று வருஷமாக அதன் பின்னால் அலைகிறாள். நாணலுக்குள்ளேயே பிறந்து நாணலுக்குள்ளேயே கிடக்கிற கட்டைவிரல் அளவுக் குருவி. ஏரி வாசலில் டிக்கெட் கிழித்துக் கொடுத்த காவலாளி சிரித்தார்.

"கேக்கலாம், பாக்க முடியாது. இருபது வருஷமா இங்க இருக்கேன். நானே பாத்ததில்ல."

"கேட்டாப் போதுங்க" என்றாள் மகள். "எங்க அப்பா ஒருத்தரே போதும். அவர் காதுக்குத் தப்பி எதுவும் போகாது."

மெக்கானிக் டிக்கெட்டை நாலு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

உள்ளே ஏரியைக் காணோம். மூடுபனிதான் இருந்தது. மண்ணிலிருந்து தோள் உயரத்துக்கு வெள்ளையாகப் படுத்திருந்தது. அதன் நடுவே பலகைப் பாதை ஒன்று பத்தடி போய் மறைந்தது. நடக்க நடக்க அடுத்த பத்தடி தெரிந்தது, கடந்து வந்த பத்தடி காணாமல் போனது. சூரியன் வந்துவிட்டதா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே மாதிரியான மங்கல் வெளிச்சம் வந்தது. முன்னால் போகிற மகளின் தலை மட்டும் பனிக்குமேல் தனியாக மிதந்து போனது. இப்படியே யாரும் எதுவும் கேட்காமல் நாள் முழுக்க நடந்துகொண்டிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

கேட்காமல் விடுகிற ஆளா மச்சினன்? மெக்கானிக்கின் மனைவிக்குத் தம்பி அவன், பேக்கரி வைத்திருக்கிறான். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மாவு பிசைகிறவன் ஆதலால், மற்றவர்கள் கொட்டாவி விடும் நேரம் அவனுக்கு நடுப்பகல். புதிதாக ஒரு பைனாகுலர் வாங்கியிருந்தான். அதில் இதுவரை தெளிவாகத் தெரிந்தது அவனுடைய கண்ணிமை முடி மட்டுமே. பன் வைத்த துணிப்பையைப் பலகைமேல் வைத்துவிட்டு, பைனாகுலரைத் திருகிக்கொண்டே நின்றான்.

"அக்கா, ஏதோ தெரியுது. பழுப்பா இருக்கு. பெரிய பறவை. காது இருக்கு."

"பறவைக்கு ஏதுடா காது?" என்றாள் அக்கா. அவள் பல் டாக்டரிடம் உதவியாளராக இருப்பவள். வாயைத் திறந்தபடி பதில் சொல்ல முடியாமல் கிடப்பவர்களோடு பேசிப் பேசி, யாரிடமும் பதிலுக்குக் காத்திருக்கிற வழக்கம் அவளுக்கு இல்லாமல் போயிருந்தது. "முதல்ல அந்த மூடியக் கழட்டு."

பைனாகுலரை இறக்கிப் பார்த்தால், பாதையின் நடுவில் ஒரு நரி உட்கார்ந்திருந்தது. கைக்கெட்டும் தூரம். மார்பில் பனித்துளி ஒட்டியிருந்தது. யாரையும் பார்த்து அது பயப்படவில்லை. எழுந்து, நிதானமாக வந்து, துணிப்பையின் கைப்பிடியைப் பல்லால் கவ்வியது. ஒவ்வொருவராக நால்வரையும் ஒரு முறை பார்த்துக்கொண்டது. பிறகு பையோடு பனிக்குள் போனது. கொஞ்ச தூரம் வரை பையின் சிவப்பு தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை.

"என் பன்னு!"

"கத்தாதடா. பறவையெல்லாம் பறந்துடும்."

"பறக்கட்டும்! அதுல எட்டு பன்னு இருந்துது. நெய்யெல்லாம் தடவி வெச்சிருந்தேன்."

"மாமா, நாலு பேரும் பாத்தோமே, நரி நோட்டுல ஏறுமா?" என்று கேட்டாள் மகள்.

"இறக்கை முளைச்சதும் ஏத்து. இப்போதைக்கு அதைத் திருடன்னு எழுதி வை."

மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள்ளேயே பழைய பயம் திரும்பி வந்தது. பாதை முடிந்து, நீருக்குள் கால்கள் ஊன்றி நிற்கும் மரக்குடில் எதிரே தெரிந்தது.

குடிலுக்குள் ஒரே ஒரு நீள பெஞ்ச். எதிர்ச் சுவரில் கண் மட்டத்தில் நீளமான ஒரு திறப்பு. அதற்கப்பால் நாணல், நாணல், நாணல். எல்லாம் வெள்ளைக்குள் நின்றபடி லேசாக ஆடிக்கொண்டிருந்தன. வரிசையாக உட்கார்ந்தார்கள். பெஞ்சின் ஓரத்தில் மெக்கானிக், பக்கத்தில் மகள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்களோ தெரியாது. நீர்நாய் ஒன்று குடிலின் அடியிலிருந்து கிளம்பி, மல்லாந்தபடி, எதையோ மார்பில் வைத்துக் கொறித்துக்கொண்டே திறப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மிதந்து போனது. அது போனதா, போனதாக நினைத்தோமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது மகள் ஒரு விரலை உயர்த்தினாள்.

அவள் முகம் திறந்துகொண்டது. வேறெப்படிச் சொல்வது? மூன்று வருஷம் தேடிய ஒன்று காதுக்குள் வந்து விழுந்த முகம் அது. "அதுதான்" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். பிறகு தனக்குத் தானே, "ஆச்சு" என்றாள்.

மனைவி கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். புன்னகைத்தாள். "ஆச்சு."

"ஆச்சு ஆச்சு" என்றான் மச்சினன். "ஊசியேதான். காதுக்குள்ள நூல் கோக்குது."

மூன்று முகங்களும் மெக்கானிக் பக்கம் திரும்பின. அவருக்குக் கேட்டது குடில் கால்களில் தண்ணீர் தட்டும் சத்தம், மச்சினனின் மூச்சு, தன் காதுக்குள்ளேயே ஓடும் ஒரு முனகல். அதற்கு மேலே பஞ்சு அடைத்ததுபோல் ஒன்றும் இல்லை. வழக்கம்போலத் தலையைச் சாய்த்தார். வழக்கம்போல ஒரு கை தன்பாட்டுக்கு பெஞ்சின்மேல் போய்ப் படிந்தது. வாயில் "ஆச்சு" தயாராக இருந்தது. உதடு பிரியும்போது உள்ளங்கையில் ஏதோ தட்டுப்பட்டது.

நடுக்கம். மிக மெல்லியது. நின்றது, மறுபடி வந்தது. கூடத்தில் நாற்பதாவது மெஷினில் பெல்ட் உரசினால் முதல் மெஷினின் பலகைக்கு வந்து சேரும் நடுக்கம் எவ்வளவோ, அவ்வளவுதான். குடிலோடு சேர்ந்திருக்கும் பாதையின் கைப்பிடிக் கட்டையை எங்கோ தொலைவில் எதுவோ உரசுகிறது. எடை உள்ளது. அவசரமில்லாதது.

"யாரும் அசையாதீங்க" என்றார். "ஏதோ வருது. பெருசு."

மற்ற மூவரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. மச்சினன் வாயைத் திறந்தான். அக்கா தொழில் பழக்கத்தில் அவன் தாடையைப் பிடித்து மூடினாள்.

முதலில் கொம்புகள் வந்தன. பனிக்குமேல் கிளை கிளையாக, உடம்பே இல்லாமல். பிறகு அந்தக் கொம்புகளுக்குக் கீழே ஒரு முகம். பிறகு கழுத்து. கலைமான் முழங்காலளவுத் தண்ணீரில் ஒரு சத்தமும் இல்லாமல் நடந்து வந்தது. அதன் பின்னால் இன்னும் இன்னும் தலைகள். பதினைந்தா இருபதா, யாரும் எண்ணவில்லை. குடிலைத் தாண்டிக் கைக்கெட்டும் தூரத்தில் போயின. அவற்றின் மூச்சு ஆவியாகத் திறப்பு வழியே உள்ளே வந்து முகத்தில் பட்டது. ஒரு குட்டி, தாயை விட்டுப் பிரிந்து, குடிலுக்கு அடியில் புகுந்தது. நால்வரின் பாதங்களுக்கும் கீழே அது ஒரு நிமிஷம் நின்றது. பலகை இடுக்கு வழியே அதன் முதுகுப் புள்ளிகள் தெரிந்தன. பிறகு மறுபக்கம் வெளியே வந்து மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. கடைசி மானும் போன பிறகு தண்ணீர் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு அடங்கியது.

மனைவிதான் முதலில் மூச்சு விட்டாள். மகள் அப்பாவின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"எப்படிப்பா? எப்படிக் கேட்டுது உனக்கு? எனக்கே ஒன்னும் கேக்கலையே!"

"எங்க அத்தான் காதுன்னா கொக்கா?" என்றான் மச்சினன்.

இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒரு பொய்யனுக்கு வாய்க்காது. இனி அவர் காதை யாரும் ஒரு வருஷத்துக்குச் சந்தேகப்படப் போவதில்லை. சும்மா சிரித்தால் போதும். மகளோ பேனா மூடியைப் பல்லால் கழற்றி, நோட்டை மடியில் விரித்து, எழுத்து அழகாக வரவேண்டும் என்று முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"நீ இன்னும் சொல்லலப்பா. ஊசிக்குருவி. ஆச்சா?"

வந்து போன மான் நிஜம். அதைக் கண்டுகொண்ட கையும் நிஜம். அதற்குப் பக்கத்தில் இன்னொரு பொய்யைக் கொண்டுபோய் உட்காரவைக்க அவருக்கு மனம் வரவில்லை.

"இல்லம்மா" என்றார். "ஆகல."

"இன்னொரு தடவை கத்தும், இரு."

"எத்தனை தடவை கத்தினாலும் எனக்கு ஆகாது." விடாமல் சொன்னார். "காது போயிடுச்சும்மா. சின்னச் சத்தமெல்லாம் கேக்கறதில்ல. ஒரு வருஷம் ஆச்சு. மான் வந்தது காதுல கேக்கல. கையில தெரிஞ்சுது."

மச்சினன் முகத்தில் ஈயாடவில்லை. மனைவி அவரையே பார்த்தாள். பிறகு மெதுவாக, "அந்தத் தெர்மாமீட்டர்" என்றாள். "கதவு மணி. என்னோட ஃபோனு. எல்லாத்துக்கும் நான்தான் கத்தினேன், கவனமே இல்லைன்னு. ஏங்க, எங்கிட்டகூடவா சொல்லக்கூடாது?" வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள்.

மகள் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை?" என்றாள்.

"என்னம்மா?"

"கேக்காமயே ஆச்சுன்னு சொன்னது."

"பதினொன்னு."

"எதெது?"

சொன்னார். ஒன்றுவிடாமல், எந்த இடம், எந்த மரம், அன்றைக்கு யார் என்ன சட்டை போட்டிருந்தார்கள் என்பதுவரை சொன்னார். நிஜமாகவே கேட்ட பறவைகளில் பாதி அவருக்கு மறந்துபோயிருந்தது. இந்தப் பதினொன்றும் மறக்கவில்லை. அவள் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி ஒவ்வொன்றாக அடித்தாள். கோடு நேராக இருந்தது. பதினொன்றாவது கோட்டில் பேனா நின்றுவிட்டது.

"பொய் சொன்னியே, அதுகூடப் பரவால்லப்பா" என்றாள். "பதினோரு தடவை உன்னை விட்டுட்டு நாங்க மூணு பேரு மட்டும் கேட்டிருக்கோம். நீ பக்கத்துலயே உக்காந்திருக்க, நான் உன்னை விட்டுட்டுக் கேட்டிருக்கேன்."

அவர் பயந்தது கோபத்துக்கு. ஏமாற்றத்துக்கு. தன்மேல் இருந்த அந்தப் பெருமை அணைந்துபோவதற்கு. இது அவர் கணக்கிலேயே இல்லை. ஒரு வருஷமாகத் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறோம் என்று நினைத்து அவளை என்ன செய்திருக்கிறோம் என்று இப்போதுதான் விளங்கியது. வெட்கத்தில் தலை குனிந்தார்.

மச்சினன், பசிக்கிறது என்று சொல்ல வேண்டிய நேரம் வந்தும் சொல்லவில்லை; அதுவே அவனளவில் பெரிய துக்கம்தான்.

மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, மணிக்கட்டின்மேல் ஒரு விரலை வைத்தாள்.

"இப்போ கத்துது" என்றாள். விரல் அழுத்தியது. மூன்று தடவை சின்னதாக, ஒரு தடவை நீளமாக. நின்றது. மறுபடி மூன்று சின்னதாக, ஒன்று நீளமாக.

மெக்கானிக் நிமிர்ந்தார். மூன்று, ஒன்று. மூன்று, ஒன்று. இதுதானா அது? இது அவருக்கு நன்றாகத் தெரிந்த பாஷை ஆயிற்றே. கண் தானாக நாணலுக்குப் போனது. காற்றுக்கு எல்லா நாணலும் ஒரே தாளத்தில் சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தன. கூடம் முழுக்க ஒழுங்காக ஓடும்போது ஒரே ஒரு மெஷின் மட்டும் வேறு மாதிரி ஓடினால் எப்படித் தேடுவாரோ, அப்படித் தேடினார். இடமிருந்து வலமாக, ஒவ்வொன்றாக. மணிக்கட்டில் மூன்று, ஒன்று. அந்த இரண்டு தண்டுகளும் இல்லை. முறிந்து சாய்ந்து கிடக்கிறதே, அதுவும் இல்லை. அதற்குப் பின்னால் ஒரு தண்டு. காற்று நின்ற பிறகும் நடுங்கியது. மூன்று தடவை. பிறகு நீளமாக ஒன்று.

தண்டின்மேல், பனியின் நிறத்திலேயே, கட்டைவிரல் அளவுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வாய் திறந்தது. உடம்பு முழுவதும் உதறியது. அவ்வளவு சின்ன உடம்புக்கு அவ்வளவு பெரிய பாடு.

"அதோ" என்றார்.

"எங்க?" என்றாள் மகள்.

"பாத்துட்டேன் பாத்துட்டேன்!" என்றான் மச்சினன்.

"எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்கு?" என்று கேட்டார் மெக்கானிக்.

"அந்த... அந்தப் பக்கம்."

"பொய் சொல்லாதடா. பொய்யில நான் உனக்கு அண்ணன்."

மனைவி சிரித்துவிட்டாள், சிரிப்போடு கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அவர் காட்டிய வழியில் முறிந்த நாணலைக் கண்ணால் பிடித்து, அதற்குப் பின்னாலிருந்த தண்டுக்கு வந்து, அவள் பார்த்தாள். பிறகு மச்சினன், இந்தத் தடவை நிஜமாகவே; பைனாகுலரைக் கழற்றி பெஞ்சில் வைத்த பிறகு. கடைசியாக மகள். அவள் அப்பாவின் தோளில் கன்னத்தை அழுத்தி, அவருடைய நீட்டிய விரலின் வழியாக ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். வெகுநேரம் ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று அவள் மூச்சு நின்றது. தெரிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது.

"எவ்ளோ குட்டியா இருக்குப்பா" என்றாள்.

நோட்டு கீழே விழுந்து கிடந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. பனி நாணலின் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகத் தொடங்கியிருந்தது. குருவி மறுபடி வாயைத் திறந்தது. மகள் கண்ணை அதைவிட்டு எடுக்கவில்லை. ஆனால் அப்பாவின் மணிக்கட்டில் அவள் விரல் அழுத்தியது, மூன்று தடவை சின்னதாக, ஒரு தடவை நீளமாக. அது கத்தி முடிக்கும்வரை ஒரு தடவைகூட அவள் விட்டுவிடவில்லை.